நகம் களைந்த விரல்கள்

கிற்றார் வாத்தியத்தை முறையாகப் பயிலவேண்டும் என்ற ஆசை எனக்கு நடுவயது கடந்த பின்னரே உண்டாயிற்று. கொழும்பிலே, கடலிரைச்சல் கேட்கும் தூரத்திலிருந்த ஒரு சிறு வீட்டின் முன்னறையில், கிழமைக்கு ஒரு மாலை எனக்குப் பாடம் நடந்தது. முதல் நாளன்று ஆசிரியர் நான் ஏற்கெனவே என்ன கற்றிருக்கிறேன் என்று வினவவில்லை. கையை நீட்டும்படி சைகை செய்து, வலக்கை விரல்களின் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பு மேசை லாச்சியைத் திறந்து நகவெட்டி ஒன்றை எடுத்து என் முன்னே வைத்தார்.

நகம் வளர்த்து மீட்டுவதே இக்கால வழக்கம் என்று எங்கோ படித்து, இரண்டு மாதமாய்க் கண்ணுங்கருத்துமாகக் காத்து வளர்த்த நகங்கள் அவை. கரும்பலகையிற் சுண்ணக்கட்டி கொண்டு எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு வலக்கை நகத்தைக் காப்பது எத்துணைத் தொல்லை என்பதை ஆசிரிய நண்பர்கள் அறிவார்கள். ஏன் வெட்டவேண்டும் என்று கேட்டேன். ஆசிரியர் ஒரு பெயரை மாத்திரம் சொன்னார்: தாரெகா. சொல்லிவிட்டு, அவர் இயற்றிய லாக்ரிமா என்ற சிற்றிசையின் தாளை நிறுத்தியில் வைத்துப் பாடத்தைத் தொடங்கிவிட்டார். அச்சொல்லுக்குக் கண்ணீர்த்துளி என்பது பொருள். அன்று என் மனம் இருந்த நிலைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

பிரான்சிஸ்கோ தாரெகா என்ற பெயரை அறியாதவர்களும் அவருடைய இசையைக் கேட்டிருக்கிறார்கள். 1902 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கிரான் வால்ஸ் என்னும் இசையின் சில சுரங்களைத்தான் நோக்கியா நிறுவனத்தார் 1990 களிலே தமது கைத்தொலைபேசிகளின் அழைப்பொலியாக ஆக்கினர். பேருந்திலும் பிரார்த்தனைக் கூடத்திலும் மரணவீட்டிலும் நேரங்காலமின்றி ஒலித்து நம்மில் எத்தனையோ பேரைச் சினங்கொள்ளச் செய்த அந்தத் துணுக்கு, ஒருவர் தம் வீட்டு அறையில் அமர்ந்து, மெல்லக் கேட்பதற்கென்றே ஆக்கிய இசையின் ஒரு சிதறல் ஆகும். புகழ் சிலரை இப்படியும் வந்தடைகிறது.

அவர் 1852 ஆம் ஆண்டு நவம்பர் 21 ஆம் நாள், ஸ்பெயின் தேசத்தின் கீழ்க்கரையிலே, கஸ்தெல்யோன் மாகாணத்தைச் சேர்ந்த வில்லாரெயால் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் துறவுமடமொன்றில் ஊழியம் பார்த்தவர். ஓய்ந்த வேளைகளிற் பிளமெங்கோ என்னும் நாட்டு மரபிலே கிற்றார் மீட்டுபவர். வறிய குடும்பம். குழந்தைப் பருவத்தில், பார்த்துக்கொள்ள அமர்த்தியிருந்த பெண்ணிடமிருந்து தப்பியோடிய பிள்ளை, வயலுக்கு நீர்பாய்ச்சும் வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டது. உயிர் தப்பிற்று, ஆனாற் கண்கள் பழுதடைந்தன. அந்தப் பழுது அவரை ஆயுள் முழுவதும் விடவில்லை.

பார்வை முற்றாகப் போய்விடுமோ என்ற அச்சமே தந்தையாரை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது. கண் இல்லாதவனும் இசையால் வயிறு வளர்க்கலாம் என்று எண்ணினார். குடும்பம் கஸ்தெல்யோன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சிறுவனுக்கு முதற்பாடம் சொல்லிக்கொடுத்த யூஜெனி ரூயிஸ், மனுவேல் கொன்சாலெஸ் ஆகிய இருவருமே கண்பார்வை அற்றவர்கள். இந்தச் செய்தியை வாழ்க்கை வரலாறு எழுதுவோர் ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். எனக்கோ அவ்விடத்தைவிட்டு நகர மனம் வருவதில்லை. மாணவனுடைய கை எங்கே நிற்கிறது, மணிக்கட்டு எப்படி வளைகிறது என்பவற்றைக் காணமுடியாத ஆசிரியர், எழும் ஒலியைக்கொண்டே கையைத் திருத்தவேண்டும். ஒலி பிழைத்தால் விரல் பிழைத்தது. வேறு சாட்சி இல்லை. பிற்காலத்திலே தாரெகா ஒற்றைச் சுரத்தின் தன்மைக்காகத் தமது கையையே மாற்றிக்கொள்ளத் துணிந்தாரே, அந்தத் துணிவின் வித்து இந்த இரு குருடரின் அறையில் விழுந்தது என்று நான் கருதுகிறேன். இது என் ஊகந்தான்.

1862 ஆம் ஆண்டில் ஹூலியான் ஆர்காஸ் என்னும் பெரும் கிற்றார்க் கலைஞர் கஸ்தெல்யோனுக்கு வந்து கச்சேரி செய்தார். சிறுவனுடைய வாசிப்பைக் கேட்டு, பார்சலோனாவுக்கு அனுப்பினால் தாமே கற்பிப்பதாகச் சொன்னார். தந்தையார் இணங்கினார், ஆயினும் பியானோவையும் கற்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். கிற்றாரை நம்பி ஒருவன் பிழைக்கமுடியாது என்ற எண்ணம் அக்காலத்து ஸ்பெயினிற் பொதுவாக நிலவியது. மதுக்கடைக்கும் வீதிக்கும் உரிய வாத்தியம் அது. பியானோவே கனவான்களின் வீட்டுப் பொருள். தந்தையாரைக் குறைசொல்ல முடியவில்லை. நம் பிள்ளை சங்கீதம் படிக்கட்டும், ஆனாற் கணக்கையும் விட்டுவிடக்கூடாது என்று சொல்லும் பெற்றோரை நாமும் பார்க்கிறோம்.

பார்சலோனா சென்றதும் ஆர்காஸ் வெளிநாட்டுக் கச்சேரிகளுக்குப் புறப்பட்டுவிட்டார். ஆசிரியர் இல்லாத நகரில் விடப்பட்ட பத்து வயதுப் பையன், தங்கியிருந்த இடத்தைவிட்டு ஓடிக் கோப்பிக்கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் மீட்டிச் சில்லறை சேர்க்கத் தொடங்கினான். தந்தையார் தேடிப்பிடித்து வீட்டுக்கு அழைத்துச்சென்றார். 1865 இல் மறுபடியும் ஓட்டம். இம்முறை வலென்சியாவுக்கு, நாடோடி ஜிப்சிகளின் கூட்டத்தோடு. மறுபடியும் தந்தையார் தேடிச்சென்றார். மூன்றாம் முறையும் ஓடினான். இந்தத் தந்தையின் கால்களுக்கு யாராவது ஒரு சிறு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பதினேழு வயதை எட்டுமுன் புர்ரியானா என்னும் ஊரின் கழகமொன்றிற் பியானோ வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்த இளைஞனை, அந்தோனியோ கனேசா என்ற செல்வர் ஆதரித்தார். 1869 இல் அவர் தாரெகாவைச் செவில் நகருக்கு அழைத்துச்சென்று, அந்தோனியோ தெ தொர்ரெஸின் பட்டறைக்குக் கூட்டிப்போனார். தச்சுத் தொழிலிலிருந்து வாத்தியத் தொழிலுக்கு வந்த தொர்ரெஸைப்பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இன்று நாம் காணும் கிற்றாரின் உடற்பருமன், மேற்பலகையின் உட்புறத்தில் விசிறிபோற் பரவும் சட்டங்கள் ஆகியவற்றை நிலைபெறச் செய்தவர் அவரே. ஒலியை ஆக்குவது மேற்பலகைதான் என்பதை மெய்ப்பிக்க, 1862 இல், பக்கங்களையும் முதுகையும் கடதாசி மட்டையாற் செய்து ஒரு கிற்றாரை ஆக்கிக் காட்டியவர். அந்தத் தொர்ரெஸ் முதலில் ஒரு சாதாரண வாத்தியத்தை இளைஞனிடம் கொடுத்ததாகவும், வாசிப்பைக் கேட்டபின் உள்ளே சென்று, சில ஆண்டுகளுக்கு முன் தமக்கென்று செய்துவைத்திருந்ததை எடுத்துவந்ததாகவும் சொல்லப்படுகிறது. 1864 இல் ஆக்கப்பட்ட அந்தக் கிற்றாரே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தாரெகாவின் மடியில் இருந்தது.

1874 இல் மட்ரிட் இசைக்கல்லூரியிற் சேர்ந்து, எமிலியோ அர்ரியேத்தாவிடம் இசையாக்கம் பயின்றார். அங்கும் பியானோவா கிற்றாரா என்ற கேள்வி தொடர்ந்தது; கிற்றார் வென்றது. அதன்பின் கச்சேரிகள், பாடஞ்சொல்லல், நொவெல்டா ஊரில் மரியா ஹோசே ரிசோவைக் கண்டு மணம், 1881 இல் லியோன், பாரிஸ் மேடைகள், பின் இலண்டன். இலண்டனின் மொழியும் மூடுபனியும் அவருக்கு ஒத்துவரவில்லை. வாடியிருந்த அவரைப் பார்த்து, அந்த வாட்டத்தையே இசையாக்கும்படி நண்பர்கள் தூண்ட, லாக்ரிமா பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் ஆகுக; பதினாறே அடிகளில் அடங்கும் அந்த இசையைச் சரியாக மீட்ட எனக்கு ஏழு மாதம் எடுத்தது.

1885 முதற் பார்சலோனாவே அவருக்கு வாழ்விடமாயிற்று. அல்பேனிஸ், கிரனாதோஸ், பாப்லோ கசால்ஸ் முதலிய இசையறிஞர்கள் அவருடைய நண்பர்கள். அல்பேனிஸ் பியானோவுக்கென எழுதியவற்றைத் தாரெகா கிற்றாருக்கு மாற்றி அமைத்தார். அம்மாற்றத்தைக் கேட்டு மூலத்தை இயற்றியவரே மகிழ்ந்தார் என்பர். பாஹ், பீத்தோவன், ஷோப்பான், மெண்டெல்சோன் ஆகியோரின் ஆக்கங்களும் இவ்வாறு ஆறு தந்திகளுக்குள் வந்தன. மாற்றி அமைத்தவை நூற்றுக்கு மேல். தாமே இயற்றியவை ஏறக்குறைய எண்பது. மதுக்கடை வாத்தியம் என்று ஒதுக்கப்பட்டதைப் பேரிசையின் மொழி பேசவைத்த பெருமை அவருக்கே உரியது. இந்தப் புகழ்ச்சியைக் கைநூல்கள் எல்லாம் சொல்லுகின்றன. எனவே நான் விரிக்கவில்லை.

அவருக்கு உதவிய செல்வப்பெண்மணி ஒருவர், கணவரை இழந்தவர், பார்சலோனாவிலே தங்குவதற்கு வீடும் தந்து, கிரனாடா நகருக்கும் அழைத்துச்சென்றார். அங்குள்ள அராபிய அரண்மனையின் நினைவிலே தோன்றியதுதான் அல்ஹம்பிராவின் நினைவுகள். பெருவிரல் கீழ்த்தந்திகளில் நடந்து செல்ல, மோதிரவிரலும் நடுவிரலும் சுட்டுவிரலும் ஒரே தந்தியை ஒன்றன்பின் ஒன்றாக இடையறாது தட்டும் முறையில் அது அமைந்தது. தட்டியதும் மங்கத் தொடங்கும் கிற்றாரின் ஒலியை, நீருற்றுப்போல நீண்டு நிற்பதாக மயங்கவைக்கும் உத்தி அது. மூன்று விரல்களும் ஒரே கனத்தில் விழாவிட்டால் நொண்டிக்குதிரை ஓடுவதுபோலிருக்கும். நான் ஓட்டியது அந்தக் குதிரையைத்தான்.

பெரிய மண்டபங்களை அவர் விரும்பவில்லை. கிற்றாரின் குரல் சிறிது. அதை அணுகியிருந்து கேட்கும் சில நண்பர்களே அவருக்குப் போதும். வீட்டிலே, மாலை வேளைகளில், நண்பரும் மாணவரும் சூழ்ந்திருக்க மீட்டுவார். அவருடைய கல்விச்சாலை என்று சொல்லத்தக்கது அந்த வீடே. தனித்தனி மாணவராக வந்து, எதிர்க்கதிரையில் அமர்ந்து கற்றுச்சென்றனர். இடக்காலைச் சிறு பலகையின்மேல் உயர்த்தி, தொர்ரெஸ் ஆக்கிய பெரிய உடற்கிற்றாரை இடத்தொடையில் நிறுத்தும் முறை அவ்வாறு பரவிற்று. தந்தியைத் தட்டிய விரல் அடுத்த தந்தியில் ஓய்ந்து நிற்கும் மீட்டலும் அவ்வாறே பரவிற்று. தமது முறையை விளக்கி அவர் ஒரு நூலும் வெளியிடவில்லை. எல்லாம் கையிலிருந்து கைக்குச் சென்றவை.

இனி நகத்தின் கதைக்கு வருகிறேன். நகத்தால் மீட்டுவதா, விரலின் சதையால் மீட்டுவதா என்பது தாரெகாவுக்கு முந்திய வழக்கு. பெர்னாண்டோ சோர் சதையால் மீட்டினார்; தியோனிசியோ அகுவாதோ நகத்தால் மீட்டினார். இருவரும் ஸ்பானியர், பாரிஸ் நகரில் நண்பர்களாய் வாழ்ந்து, ஒன்றாக வாசித்தவர்கள். ஒருவர் மற்றவரை மாற்ற முயன்று பகைத்துக்கொள்ளவில்லை. நகத்தின் ஒலி தெளிவும் ஒளியும் உடையது, தூரத்துக்குக் கேட்கும். சதையின் ஒலி உருண்டையானது, மென்மையானது, ஆனால் எட்டாது. அக்காலத்துத் தந்திகளோ விலங்கின் குடலால் ஆனவை. நைலோன் தந்தி வந்தது 1940 களிலேதான். நம்முடைய வீணை வித்துவான்களிடையே நகத்தால் மீட்டுவோரும், கம்பிக் கூட்டை விரலில் அணிந்து மீட்டுவோரும் இருப்பதை அறிந்தவர்களுக்கு இந்த வழக்கின் சூடு விளங்கும்.

தாரெகா தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் நகத்தாலேயே மீட்டினார். 1902 ஆம் ஆண்டளவில், ஐம்பதை எட்டும் வயதில், நகங்களை வெட்டிவிட்டார். நகங்கள் நலிந்து ஒடியத் தொடங்கியமையே காரணம் என்பார் சிலர். தூய ஒலியைத் தேடியே வெட்டினார் என்பார் சிலர். எதுவாயினும், அதன் விளைவை எண்ணிப்பாருங்கள். நாற்பது ஆண்டுப் பயிற்சி விரல்நுனியின் ஒரு சிறு நுனிப்பிறையிலே தங்கியிருக்கிறது. அதை அகற்றினால் தந்தி வேறு இடத்திற் படும், வேகம் குறையும், ஒலி சுருங்கும், தெரிந்த இசை எல்லாவற்றையும் விரல் திரும்பக் கற்கவேண்டும். பெயர்பெற்ற ஒருவர், அப்பெயரை ஈட்டித்தந்த கையைக் கழற்றிவைத்துவிட்டு வேறு கையை அணிந்துகொள்வதற்கு அது சமானம். மறு ஆண்டிலே இத்தாலிக்குச் சென்று ரோமாபுரி, நேப்பிள்ஸ், மிலான் நகரங்களில் வாசித்து மெச்சப்பெற்றார்.

நான் நெடுநாள் விளங்கிக்கொள்ளாத செய்தி இதற்கப்பால் இருக்கிறது. அவருடைய மாணவருட் பேர்போன இருவர் மிகேல் லியோபெத்தும் எமிலியோ பூஹோலும். லியோபெத் 1878 இற் பார்சலோனாவிற் பிறந்தவர், 1890 களில் தாரெகாவிடம் கற்றவர், நகத்தால் மீட்டினார். பூஹோல் 1886 இற் பிறந்தவர். 1902 இல் வந்து சேர்ந்தார். கடைசிவரை நகமின்றி மீட்டினார். சதையின் ஒலிக்காக வாதாடித் தனி நூலே எழுதினார். ஆசிரியர் எழுதாத முறையைப் பல பாகங்களாக எழுதிவைத்தவரும், அவருடைய வரலாற்றை 1960 இல் நூலாக வெளியிட்டவரும் அவரே. ஒரே ஆசிரியர்; இரு வேறு கைகள். எவர் உண்மையான மாணவர் என்று கிற்றார் அன்பர்கள் இன்றும் பிணங்குகிறார்கள். எனக்கோ ஆண்டுக்கணக்கைப் பார்த்தபின் பிணக்கு எங்கே என்று தெரியவில்லை. நகமுள்ள தாரெகாவிடம் ஒருவர் வந்தார். நகமற்ற தாரெகாவிடம் மற்றவர் வந்தார். இருவரும் கண்டதையே கொண்டுசென்றனர். ஆசிரியர் ஓரிடத்தில் நிற்பவர் என்று எண்ணுவது மாணவர்களாகிய எமது பிழை. அவரும் தேடிக்கொண்டிருக்கிறார், நாம் அவரை வழியில் எந்த மைற்கல்லில் சந்தித்தோமோ அதையே ஊர் என்று சாதிக்கிறோம்.

1906 ஜனவரியில் அவருடைய வலப்பக்கம் பாரிசவாதத்தால் விழுந்தது. மீட்டும் கை வலக்கை. புதிய ஒலியைக் கண்டடைந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. மெல்ல மெல்லத் தேறி மேடைக்கும் மீண்டாரெனினும் முன்னைய நிலை திரும்பவேயில்லை. அல்ஹம்பிராவின் நினைவுகளை, அச்சில் வந்தபோது, அல்பிரெட் கொத்தின் என்ற பிரெஞ்சுக் கலைஞருக்குக் காணிக்கையாக்கினார். மூன்று விரலும் ஒரே கனத்தில் விழவேண்டிய அந்த இசையை, விழுந்த கையோடு எவ்வாறு எண்ணிப்பார்த்திருப்பார்!

வலென்சியாவைச் சேர்ந்த ஹோசெபினா றொப்லெதோ என்ற சிறுமி, 1897 இற் பிறந்தவள், அவருடைய இறுதிக்கால மாணவி. பிற்காலத்திலே தென்னமெரிக்கா சென்று அம்முறையை அங்கே பரப்பினாள். அவள் கண்டது மூன்றாவது தாரெகாவை எனலாம்: கை தளர்ந்து, காது மாத்திரம் தளராதிருந்தவரை. முதல் ஆசிரியர்கள் அவருக்குக் கற்பித்த விதமாகவே, ஒலியைக்கொண்டு கையைத் திருத்தும் நிலைக்கு அவர் வந்துவிட்டார்.

1909 டிசெம்பர் 2 ஆம் நாள் ஓரெமுஸ் என்ற சிற்றிசையை எழுதி முடித்தார். ஷூமானின் ஆக்கமொன்றைத் தழுவிய, ஒரு பக்கத்துக்குள் அடங்கும் இசை. அதுவே கடைசி. டிசெம்பர் 15 ஆம் நாள் பார்சலோனாவிற் காலமானார், வயது 57. 1915 இல் அவருடைய உடல், இரு குருட்டு ஆசிரியர்கள் அவருக்குப் பாடஞ்சொன்ன கஸ்தெல்யோனுக்கு எடுத்துச்செல்லப்பட்டது. உலகெங்கும் கிற்றாரைக் கொண்டுசென்ற அந்திரெஸ் செகோவியா அப்போது இருபத்திரண்டு வயது இளைஞர். தாரெகாவை அவர் சந்தித்ததில்லை. லியோபெத்தின் வழியாகவே அம்மரபை அறிந்து, நகமும் சதையும் ஒருங்கே படும்படி மீட்டினார்.

இந்தச் செகோவியாவின் பெயரைத்தான் ஒருநாள் என் ஆசிரியருக்கு எதிராக எடுத்து வீசினேன். உலகமே போற்றும் கலைஞர் நகம் வளர்க்கிறாரே, நான் ஏன் வெட்டவேண்டும் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் விடை சொல்லவில்லை. என் கிற்றாரை வாங்கி லாக்ரிமாவை ஒருமுறை, மிக மெதுவாக, மீட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். இரண்டு கிழமைகளின் பின் பாடசாலைப் பரீட்சை வேலைகளைக் காரணங்காட்டி நான் நின்றுவிட்டேன். அது பொய்க்காரணம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் யாரிடம் கற்றார், அவருடைய ஆசிரியர் யாரிடம், எந்த ஆண்டிற் கற்றார் என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை. இன்று கேட்கலாமென்றால் அவர் இல்லை. லாக்ரிமாவின் தாள் என்னிடம் இருக்கிறது. சுரங்களின் மேலே எந்த விரல் எங்கே என்று பென்சிலால் அவர் இட்ட சிறு குறிகள் மங்கிவிட்டன. வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் இன்னும் வாசிக்கலாம்.